கைவிலங்கு வரை பார்த்த படம்

திரைக்கதை வகுப்புக்குப் போய்வந்த என் மகள் ஒருநாள் எனக்குப் பாடம் எடுத்தாள். திகில் படத்துக்கு மூன்று பகுதியாம். சிக்கல் புகும், இறுகும், அவிழும். அவிழ்ப்பதற்கு வேண்டியதெல்லாம் முதல் பகுதியிலேயே இருக்க வேண்டுமாம். நான் சிரித்தேன். போர்ட் பிளேரில் எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் அந்தப் பரீட்சையை எழுதித் தேறியவள் நான்.

லீவில் மெயின்லேண்ட் போய் வருகிறவர்கள் தின்பண்டம் கொண்டுவந்தால் போதாது, பார்த்த படத்தையும் கொண்டுவந்து லைனுக்குச் சொல்ல வேண்டும். ஒரு படம் கப்பலேறி எங்கள் தியேட்டருக்கு வருவதற்குள் கைக்குழந்தை நடக்கத் தொடங்கிவிடும்.

அந்த வருஷம் மதராஸில் நான் பார்த்தது கொலைப் படம். மலையூரில் ஒரு லாட்ஜ். நகை வியாபாரி செத்துக் கிடக்கிறார். அறைச் சாவி லாட்ஜ் குமாஸ்தாவிடம் இருக்கிறது. சாட்சியெல்லாம் அவன் பக்கமே திரும்ப, போலீஸ் அவனுக்கு விலங்கு மாட்டுகிறது. அந்த நேரம் பார்த்து என் கொழுந்தன் தியேட்டர் இருட்டில் எங்களைத் தேடி வந்தார். கப்பல் நாளைக்கு இல்லையாம், இன்றைக்கே ஏற வேண்டுமாம். என் கணவர் இழுத்த இழுப்பில் ஒரு செருப்பு நாற்காலிக்கு அடியிலேயே நின்றுவிட்டது. கப்பலை விட்டால் அடுத்தது எப்போதென்று தெரியாது, கொலைகாரனை விட்டால் என்ன என்பது அவர் நியாயம். கப்பல் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

வந்த மறுநாள் மத்தியானம் பெண்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு வங்காளப் பெண், தெலுங்கு டீச்சர், கடைசியாக ஸ்டோர்கீப்பரின் மனைவி. ராமநாதபுரம் பக்கத்துப் பெண் அவள். அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. நாங்கள் இல்லாதபோது சர்க்கார் ஸ்டோரில் சிமெண்ட் மூட்டைகள் குறைந்து, அவள் புருஷனை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். சாவி அவரிடம்தான் இருந்ததாம். விசாரணை முடியவில்லை, அதற்குள் லைன் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குழாயடியில் யாரும் அவளுக்கு முகம் கொடுப்பதில்லை என்று எதிர்வீட்டுக்காரி காலையிலேயே என் காதில் போட்டிருந்தாள்.

பாதி இந்தியும் பாதி தமிழுமாகச் சொல்லிக்கொண்டு போனேன். சாவி என்றதும் எல்லோரும் ஒருமுறை அவளைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்ல வேறு படமே கிடைக்கவில்லையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். விலங்கு மாட்டும் இடம் வந்தது.

"ஃபிர்?" என்றாள் வங்காளப் பெண், அப்புறம் என்ன என்று.

"அவன்தானேக்கா செஞ்சது?" என்று ஸ்டோர்கீப்பர் மனைவி கேட்டாள்.

மீதியை நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "அவன் இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

இனி அதை நிரூபிக்க வேண்டும். புது ஆள் ஒருவனைக் கொண்டுவந்தால் அந்தப் பெண்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கதையில் ஏற்கெனவே வந்தவனாக இருக்க வேண்டும், சந்தேகம் விழாதவனாகவும் இருக்க வேண்டும். மனசுக்குள் லாட்ஜைச் சுற்றி வந்தேன். ஆரம்பத்தில் பல்வலி என்று கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு லவங்கம் கேட்டு வந்த ஒருவன் இருந்தான். அவனைப் பிடித்தேன். லவங்கம் தேடிக் குமாஸ்தா உள்ளே போனபோது அவன் சாவியை எடுத்துவிட்டான் என்றேன். அந்தப் பல்வலிக்காரன் முறுக்குக் கடித்ததைச் சமையல்காரன் பார்த்துவிட்டான் என்றேன். தெலுங்கு டீச்சர் அவன் மேல் தனக்கு அப்போதே சந்தேகம் என்றாள். குமாஸ்தா வீடு திரும்பினான்.

போகும்போது வங்காளப் பெண் ஸ்டோர்கீப்பர் மனைவியோடு கடைசி வீடுவரை நடந்து போனாள். அதை என் கதைதான் செய்தது என்று பெருமையடிக்க மாட்டேன். கொஞ்சம் அடித்துக்கொள்வேன்.

மழை ஓய்ந்த பிறகு விசாரணை முடிந்தது. மூட்டைகள் ஸ்டோருக்கே வந்து சேரவில்லை என்று தெரிந்து அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்னாலேயே அந்தப் படமும் அபர்டீன் பஜார் பக்கம் வந்தது. லைனே கிளம்பியது. தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. பல்வலிக்காரன் வந்ததும் எங்கள் வரிசை முழுக்க "இவன்தான்" என்று முணுமுணுத்தது. பிறகு போலீஸ் விலங்கோடு வந்தது. பக்கத்தில் இருந்த ஸ்டோர்கீப்பர் மனைவி என் கையைத் தொட்டாள்.

"போலாம்க்கா. இதுக்கு மேல எனக்குத் தெரியுமே."

"முழுசாப் பார்க்க வேண்டாமா?"

"நீங்க மட்டும் பார்த்தீங்களா? கப்பல்ல இறங்குனப்பவே உங்க வீட்டு சார் செருப்புக் கதையை எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிச் சிரிச்சாரு. அப்ப எங்களோட பேசுனது அவரு ஒருத்தர்தான்."

"அப்போ அன்னைக்கு ஏன் கேட்டே?"

"அன்னைக்கு நான் படத்தையாக்கா கேட்டேன்?"

வெளியே வந்து இருவரும் டீ குடித்தோம். மற்றவர்கள் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். மறுநாள் குழாயடியில் யாரும் படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத எங்கள் லைன் எங்கள் இருவருக்காக அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது. அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். கொலைகாரன் யார் என்று இதுவரை எனக்குத் தெரியாது.