தப்பை ஒத்துக்கொண்டவள்

ஐந்து புதன்கிழமைகள் இருளாயி வாயைத் திறக்கவில்லை. பத்து காஜா ஊருக்கு அப்பாலுள்ள ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஈப்போவுக்கு வருவாள். முகத்தில் பவுடர், தலையில் கனகாம்பரம். மனநல ஆலோசகர் புனிதவதி அம்மையாருக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்காருவாள். குறிப்பெடுப்பது என் வேலை. அது 1983. பட்டம் வாங்கி நான் சமூகநல இலாகாவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவளுடைய நான்கு வயது மகள் பாப்பாவை, முதுகில் வெந்நீர்ப் புண்ணோடு இலாகா தன் பொறுப்பில் எடுத்திருந்தது. தாயின் மனம் தேறினால் பிள்ளையைத் திருப்பித் தரலாம் என்று ஏற்பாடு.

தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்கு நான் போய் விசாரித்தபோது பக்கத்து வீட்டு ராக்காயி மெதுவாகச் சொன்னாள்: “இவ புருசன் சன்னாசிதான் ஊத்துனான். சம்சு குடிச்ச வெறி. தடுக்கப்போயி இவ கையும் வெந்துபோச்சு. எம் பேர எழுதிராத லா.”

நான் எதையுமே எழுதவில்லை. சன்னாசி மறுநாளே கமுந்திங் பக்கம் ஓடியிருந்தான்.

ஆறாவது புதன். “பயப்பிடாதேங்கோ,” என்றார் அம்மையார், தம் யாழ்ப்பாணத் தமிழில். “மனசில கிடக்கிறதைச் சொல்லுங்கோ. ஒருத்தரும் ஏச மாட்டினம்.”

இருளாயி எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

“தப்புதாங்கம்மா. நாந்தான் ஊத்துனேன். இனிமே செய்யமாட்டேன்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “பாப்பாவ இன்னிக்கே கூட்டிட்டுப் போலாமா, தங்கச்சி?”

அம்மையார் என் குறிப்பேட்டைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்தது. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடும்போது, கணக்கெழுதும் கிராணி முன்னால் என் அப்பாவும் இப்படித்தான் நிற்பார். பால் வெட்டும்போது மரத்தைக் காயப்படுத்தியவன் வேறொருவனாக இருப்பான். “தப்புதாங்கையா” என்றால் ஒரு திட்டோடு விஷயம் முடியும். வாதாடினால் வீடே போகும்.

இதை அம்மையாரிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் நானும் லயத்துப் பிள்ளை என்பது தெரிந்துவிடும். அது வெட்கமா, கோழைத்தனமா, இன்றும் எனக்குத் தெளிவில்லை. ‘தாய் குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று நல்ல மலாய் மொழியில் எழுதினேன்.

பாப்பாவை வேறு ஊரில் ஓர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சிகிச்சை மட்டும் நிற்கவில்லை.

அடுத்த புதனும் பவுடர், கனகாம்பரம். இருளாயி வாசலிலேயே என் கையைப் பிடித்தாள். வெந்து ஆறிய அவள் உள்ளங்கை வழவழவென்றிருந்தது.

“ஒரு தப்பு பத்தலையா, தங்கச்சி? இன்னும் எதச் செஞ்சேன்னு சொல்லணும்? நீயே சொல்லிக்குடு.”