ராஜப்பாவின் பக்கம்

ஸ்பேனரின் பின்புறத்தால் ஒரு தட்டு தட்டிவிட்டு சிரில் காதைச் சாய்க்கிறார். துருவை அவர் கண்ணால் பார்த்து நம்புவதில்லை. நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். அரித்துப்போனதோ நனைந்த அட்டையைத் தட்டினாற்போல் மொத்தென்று கேட்கும். நேசமணியின் ஜீப்பைச் சுற்றி அரை மணி நேரம் தட்டியதில் பெரும்பாலும் அட்டைச் சத்தம்தான் வந்தது.

"மேல பெயிண்ட்டு மாப்ள மாதிரி கீது," என்றார். "உள்ள ஒண்ணுமில்ல. பாடிய தூக்காம இதுல கை வைக்க முடியாது."

சாம்பியன் ரீப்ஸ் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட டிங்கரிங் ஷெட் அவருடையது. வயது அறுபத்து நான்கு. தங்கச் சுரங்கம் மூடியபோது அங்கே ஃபிட்டராக இருந்தவர். மூடி இத்தனை வருடமாகியும் அவர் வாயில் காலை வேளைக்குப் பெயர் ஃபர்ஸ்ட் ஷிப்ட். வண்டிக்கு அடியில் போவது அண்டர்கிரவுண்ட். வேலை தொடங்குமுன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டு, அதன் மேல் ஒரு ஊக்கு குத்திக்கொள்வார். அன்னாசிப் பழத் துண்டு வைத்த பன்னைத் தவிர பகலில் வேறெதுவும் சாப்பிடமாட்டார். யாராவது கேட்டால், "சோறு துன்னா குனிய முடியாது" என்பார்.

அவர் பெயரை வெளியே பேச வைத்தது, பாடி தூக்குவதுதான். பழைய ஜீப்புகளில் மேல் கூடு தனி, அதைத் தாங்கும் சேஸிஸ் தனி. இரண்டையும் போல்ட்டுகள் பிடித்திருக்கும். பேட்டரி, ஒயர், பிரேக் பைப், ஸ்டியரிங் தண்டு எல்லாவற்றையும் பிரித்து, பெட்ரோல் டேங்க்கை இறக்கி, கதவுகளைக் கழற்றுவார். கதவு போன வாசல்களில் குறுக்கே குழாய் வைத்து வெல்டு அடிப்பார். இல்லாவிட்டால் துருப்பிடித்த கூடு தூக்கும்போது அப்பளம்போல் மடங்கிவிடும். பிறகு அடியில் குறுக்குச் சட்டங்கள் கொடுத்து, சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. ஓர் அங்குலம் தூக்கு, நில், சுற்றிப் பார். கூடு எழ எழ அதன் அடியில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டே வரவேண்டும். கட்டை இல்லாத இடத்தில் தலை போகக் கூடாது.

வலது பக்கம் சிரில். இடது பக்கம் இருபது வருடமாக ராஜப்பா. இருவரும் சங்கிலியைப் பிடிக்குமுன் அவரவர் பக்கத்தில் கழற்றாத போல்ட் எதுவும் மிச்சமில்லையே என்று பார்த்து முடித்துக் குரல் கொடுப்பார்கள். "ரைட் கிளியர்." "லெஃப்ட் கிளியர்." அதற்கு மேல் பேச்சில்லை. ஒருவர் பக்கத்தை மற்றவர் எட்டிப் பார்த்ததில்லை. அப்படிப் பார்ப்பது ராஜப்பாவைச் சந்தேகப்படுவதாகும் என்று சிரில் நினைத்தார்.

மூன்று மாதத்துக்கு முன் ராஜப்பா நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு சிரில் டென்ட் தட்டினார், பட்டி பார்த்தார், பெயிண்ட் அடித்தார். பாடி தூக்கும் வேலை வந்தால் பங்காருபேட்டைக்கு அனுப்பினார். நேசமணியைத்தான் அனுப்ப முடியவில்லை. அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் பிழைப்பவர். மாதக் கடைசியில் ஜீப்புக்கு எஃப்சி, ஓடத் தகுதி என்று ஆர்டிஓ சான்று தரும் சோதனை.

"இது ஒண்ணு பாக்கறேன்," என்றார் சிரில் அவரிடம். "இது நல்லபடியா மேல ஏறலன்னா இனிமே பாடி தூக்கமாட்டேன். போர்டுலயும் அழிச்சிட்றேன்."

இடது சங்கிலிக்கு வந்தவர் ராஜப்பாவின் தம்பி ராஜேந்திரன். பெங்களூரில் ஓர் அபார்ட்மெண்ட் வாசலில் காவல் வேலை. வாரம் முழுக்க ரயிலில் போய்வந்து, கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையையும் தூக்கக் கண்ணோடு கொண்டுவந்திருந்தார்.

"இன்னாண்ணா, இந்த வண்டி என்னியவிட மோசமா கீதே," என்றார்.

"உன்னியும் கழட்டித்தான் பாக்கணும். சங்கிலியப் புடி."

சிரில் தன் பக்கம் படுத்து ஆறு போல்ட் ஓட்டையும் காலியா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ரைட் கிளியர்."

"லெஃப்ட் கிளியர்," என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அண்ணன் தம்பிக்கு ஒரே குரல். அதே கரகரப்பு, அதே இழுப்பு. சிரிலின் கை தானாகவே சங்கிலியை இழுக்கத் தொடங்கிவிட்டது.

வலது பக்கம் லேசாக எழும்பியது. இடது பக்கத்தில் கூட்டின் முன்பாதி எழுந்தது, பின்பாதி எழவில்லை. சங்கிலி விறைத்தது. பின் டயர் தரையைவிட்டு மெல்லக் கிளம்பியது. கூட்டோடு சேஸிஸும் சேர்ந்து வருகிறது என்று சிரிலுக்குப் புரிவதற்குள், கதவு வாசலில் அடித்த வெல்டு ஒன்று டக்கென்று விட்டது. ராஜேந்திரன் சங்கிலியை விட்டுவிட்டு, எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்க்கக் குனிந்து தலையை உள்ளே நீட்டினார்.

"ராஜேந்திரா." சிரில் கத்தவில்லை. "தலைய வெளிய எடு. மெதுவா. அப்டியே பின்னால போ."

ராஜேந்திரன் பின்னால் நகர்ந்தார். சிரில் தன் சங்கிலியைப் பல் பல்லாக இறக்கி, சுற்றிப் போய் மற்றதையும் இறக்கினார். டயர் தரையில் உட்கார்ந்தது.  பின்னால் எங்கோ கழற்றாமல் விட்டுப்போன துருப்பிடித்த போல்ட் அந்த நேரத்தில் அறுந்திருந்தால் கூடு ஒரு குதி குதித்து ராஜேந்திரன் கழுத்தில் இறங்கியிருக்கும்.

"கிளியர்னு சொன்னியே. இன்னா பாத்த?"

ராஜேந்திரன் உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்தார். "ஒண்ணும் பாக்கலண்ணா. அண்ணன் அப்டித்தான் சொல்லும். நீங்க சொன்ன ஒடனே சொல்லணும்னு நெனச்சேன்." பிறகு தலை நிமிர்ந்து, "இன்னா பாக்கணும்னு நீங்களும் சொல்லலியே," என்றார்.

சிரிலுக்கு வாயில் வந்த வசவு அங்கேயே நின்றது. நேற்று இடது பக்க போல்ட்டுகளைக் கழற்றியது அவரேதான். ஐந்து கழற்றிவிட்டு, அந்தப் பக்கம் அவ்வளவுதான் என்று விட்டிருந்தார். வலது பக்கத்து ஆறாவது போல்ட் கண்ணுக்குத் தெரியும். இடது பக்கத்து ஆறாவது, பின் சக்கர வளைவுக்குள் சேறும் தாரும் மூடிக் கிடக்கும். அது அங்கே இருப்பது ராஜப்பாவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"எனக்கே தெரியலப்பா," என்றார். "அது உங்கண்ணன் பக்கம்."

கோணிப்பையை விரித்து இடது பக்கம் படுத்தார். சேற்றைச் சுரண்டி போல்ட்டைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஸ்பேனருக்கு அசையவில்லை. ரம்பத்தால் அறுத்தார். பாதியில் கை ஓய்ந்து, ரம்பத்தை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு வெறுமனே மேலே பார்த்துக் கிடந்தார். ராஜேந்திரன் வெளியே உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். 

விட்ட வெல்டை மறுபடி அடித்து, மதியத்துக்குமேல் தூக்கினார்கள். இம்முறை சிரில் இரண்டு பக்கமும் படுத்து எழுந்தார். ஓர் அங்குலம் எழுந்தது. நான்கு மூலையிலும் வெளிச்சம் தெரிந்தது. கட்டை வைத்தார்கள். இன்னோர் அங்குலம். இடுப்பு உயரத்துக்கு வந்ததும் கூட்டைக் கட்டைகள்மேல் உட்கார வைத்து, சேஸிஸை அடியிலிருந்து உருட்டி வெளியே எடுத்தார்கள். இரண்டு பேர் சட்டையிலும் துரு செம்மண்ணாக அப்பியிருந்தது.

மாலை ரயிலுக்கு ராஜேந்திரன் முகம் கழுவினார். நைட் ஷிப்ட்.

"ஒட்டு வேல முடிஞ்சா திரும்ப ஏத்தணும்ல," என்றார் துண்டால் துடைத்தபடி. "நா வரட்டுமா, இல்ல வேற ஆள் பாக்கறீங்களா?"

 சிரில் அலமாரி மேலிருந்து சாக்குக்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, வெற்று சேஸிஸின் இடது பக்கமாகப் போய்க் குந்தினார். முன்னாலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு போல்ட் ஓட்டைக்கும் பக்கத்தில், தூரத்திலிருந்தும் தெரியும்படி பெரிதாக எண் போட்டார்.