சொல்லிவிட்டு வரும் வெடி

அறிவரசன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று விக்கிரமங்கலத்துக்கு வந்ததும், பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் காவல் வேலை கிடைத்தது. பாறைக்கு வெடி வைக்கும் நேரத்தில் சாலையில் சிவப்புக் கொடியோடு நின்று வண்டிகளை மறிக்க வேண்டும். காஷ்மீரில் குண்டுகளுக்கு நடுவே நின்றவனுக்கு இதெல்லாம் தூசு என்று ஊர் பேசிக்கொண்டது.

உண்மையில் அந்தச் சுரங்கத்தைத் தவிர வேறெங்கும் அவனுக்கு நிம்மதி இல்லை. அங்கே மூன்று முறை சங்கு ஊதி, கொஞ்சம் பொறுத்துத்தான் பூமி அதிரும். இப்படி மரியாதையாகச் சொல்லிவிட்டு வரும் வெடியை அவன் அதற்கு முன் கண்டதில்லை. பாரமுல்லா பக்கம் ஒரு சாலையில், நாலடி முன்னால் நடந்த ரஞ்சித்குமார் மகளுக்குக் காது குத்துவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனான். அந்தப் பேச்சு பாதியில் நின்றது.

அதற்குப் பிறகு சைக்கிள் டியூப் வெடித்தாலும் அறிவரசன் தரையில் கிடப்பான். இதை அறிந்தவள் மனைவி ராசாத்தி ஒருத்திதான். தீபாவளியன்று சுரங்கத்தில் வெடி கிடையாது. அன்றைக்கு அவன் கேட்டு வாங்கி வேலைக்குப் போவான். மற்றவர்கள் கொண்டாடட்டும் என்று விட்டுக்கொடுக்கிறான் என ஊர் அதையும் புகழ்ந்தது.

அந்தப் புகழ்தான் வம்பாக வந்து சேர்ந்தது. தேர்த் திருவிழாவில் முதல் அதிர்வேட்டைக் கொளுத்தும் மரியாதை இந்த வருஷம் அவனுக்கு என்று, கோயில் தர்மகர்த்தா வைரக்கண்ணு வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நீ இருக்கையில வேற யாரு மாப்ள கொளுத்தறது?”

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால், மிலிட்டரிக்காரர் என்று டீக்கடையில் எழுந்து இடம் விடும் பையன்கள் நாளைக்கு அவன் முதுகுக்குப் பின்னால் பேப்பர் பையை ஊதி உடைப்பார்கள். தட்டை வாங்கிக்கொண்டான்.

அவர் போனதும் ராசாத்தி, “வயித்து வலின்னு படுத்துக்குங்க, நான் சொல்லிக்கிறேன்” என்றாள்.

“வருஷா வருஷம் வலிக்குமாடி?”

தன் கையால் கொளுத்துவதில் பயமில்லை. அது எப்போது வெடிக்கும் என்று தெரியும். அடுத்தடுத்து இளவட்டங்கள் நினைத்தபோது கொளுத்திப் போடுவதுதான் ஆபத்து. ஆகவே தேரன்று காலை, விசிலோடு வந்து ஒரு சட்டம் போட்டான். ஒவ்வொரு வேட்டுக்கும் முன்னால் அவன் மூன்று தரம் ஊதுவான்; அதற்கப்புறம்தான் எவனும் திரியில் நெருப்பு வைக்கலாம். பட்டாளத்து முறை என்றதும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று தரம் ஊதி முதல் வேட்டை அவனே கொளுத்தினான். விசில் கேட்டதும் சனம் ஒதுங்கியது, நில் என்ற இடத்தில் நின்றது. இத்தனை ஒழுங்காக ஒரு தேர் நகர்ந்ததே இல்லை என்று வைரக்கண்ணுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

தேர் தெருமுக்கில் திரும்பும்போது எவனோ ஒருவன் விசிலுக்குக் காத்திராமல் கொளுத்திவிட்டான்.

வெடித்த கணத்தில் அறிவரசன் குப்புற விழுந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டான். எல்லாம் போயிற்று என்று மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தான். சிரிப்புச் சத்தத்துக்குக் காத்திருந்தான். வரவில்லை. மேளமும் நின்றிருந்தது. மெல்லத் தலை திருப்பினான்.

வடத்தை விட்டுவிட்டு ஊரே படுத்திருந்தது. நாதசுரக்காரர் வாத்தியத்தை மார்போடு அணைத்துக் கிடந்தார். கடைசியாக, காரணம் தெரிந்த ராசாத்தியும் பட்டுப்புடவையோடு அவன் அருகில் வந்து படுத்தாள்.

பக்கத்தில் கிடந்த வைரக்கண்ணு, தலையைத் தூக்காமல் பணிவாகக் கேட்டார்.

“எப்ப மாப்ள எந்திரிக்கலாம்?”

அவன் தலையிலிருந்து கைகளை இன்னும் எடுக்கவில்லை.

“கொஞ்சம் பொறுங்க மாமா” என்றான்.