தேசிக்காயில ஏறாத ரயர்

நான் இஞ்ச வந்த முதல் வருசம், கார்த்திகை மாசத்தில ஒரு நாள் காலமை, முன்வீட்டு வெள்ளைக்காரன் காரை யக்கு வைச்சுத் தூக்கி, நாலு ரயரையும் கழட்டி நிலத்தில போட்டிட்டுக் குந்திக்கொண்டிருந்தான். யன்னலால பாத்த எனக்குப் பாவமாப் போச்சுது. ஒரு ரயர் காத்துப் போறது கண்டிருக்கிறன், ரெண்டு போறதும் கண்டிருக்கிறன். நாலும் ஒரேயடியாப் போறதெண்டால் அவனுக்கு ஆரோ செய்வினைதான் செய்திருக்கினம். ஒரு பிளேன்ரீ ஊத்தி, ரெண்டு வடையையும் எடுத்துக்கொண்டு போய்க் குடுத்து, தோளில தட்டி, "டோன்ற் வொறி" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில பாதியைச் சொல்லிப்போட்டு வந்தன். அவன் வடையையும் பாத்தான், என்னையும் பாத்தான், பிறகு வடையைத் திண்டான். பின்னேரம் மருமோன் வந்து கதையைக் கேட்டிட்டு, சப்பாத்துக் கழட்டின இடத்திலயே இருந்து சிரிச்சார். இஞ்ச சினோ எண்டுற வெள்ளைப் பனி கொட்ட முந்தி ஆக்கள் நல்லா இருக்கிற ரயரைக் கழட்டி வைச்சிட்டு வேற ரயர் போடுவினமாம், வெயில் வர அதைக் கழட்டிப்போட்டு இதைப் போடுவினமாம். எங்கட ஊரில மனிசருக்கே வருசத்தில ஒருக்காத்தான் புதுசு. இந்த நாட்டில வாகனம் வருசத்துக்கு ரெண்டு தரம் சப்பாத்து மாத்துது. அண்டைக்கு ஆவெண்டு திறந்த வாய் இன்னும் வடிவா மூடேல்லை.

அடுத்த வருசம் அந்தச் சப்பாத்துப் பிரச்சினை எங்கட வீட்டுக்கும் வந்திட்டுது. மருமோன் நேசன் ஒரு பழைய பிக்கப் வாங்கினார். நான் அதை லொறி எண்டு சொன்னால் அவருக்கு முகம் சுருங்கும். மில்லிக்கனில இருந்து கதவும் யன்னலும் ஏத்திக்கொண்டு போய், விட்பியில புதுசாக் கட்டுற வீடுகளுக்கு இறக்கிறது அவரின்ர வேலை. சாமான் ஏத்தியிருந்தால் அது யானை மாதிரி நிதானமாப் போகும். இறக்கிப்போட்டு வரேக்க பின்பக்கம் பாரமில்லாமல், குமர்ப்பிள்ளை கண்ணாடிக்கு முன்னால நிண்டு ஆடுற மாதிரி ஒரு ஆட்டம். பின்சில்லுத்தான் தள்ளுறதாம், அதில பாரம் இல்லாட்டில் சினோவில பிடிக்காதாம்.

அதைப்பற்றி நான் ஏன் கவலைப்பட்டனான் எண்டால், என்ர மோள் வதனி அப்ப பிள்ளைத்தாச்சி. கலியாணம் முடிச்சு ஏழு வருசம். ரெண்டு தங்காமல் போச்சுது. இது மூண்டாவது, தை மாசத்துக்கு நாள் குடுத்திருந்தினம். வயித்துக் குத்துத் தொடங்கினால் வீட்டில நிண்டு பாக்கக்கூடாது, உடன வந்திடவேணும் எண்டு டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லிப்போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஒரு நெடிய ஏத்தம், எங்களிட்ட இருக்கிறது அந்த ஒரு பிக்கப். அந்தப் பிக்கப் தை மாசச் சினோவில ஒரே ஒரு தரம் வழுக்காமல் ஏறவேணும். எங்கட வீட்டில அண்டைக்கு எல்லாருக்கும் இருந்த வேண்டுதல் அதொண்டுதான்.

நேசன் ரெண்டு ரயரின்ர படத்தைக் கொண்டுவந்து மேசையில விரிச்சார். ஒண்டு ஓல்-ரெறேயின். எல்லா நிலத்திலயும் ஓடுமாம், வருசம் முழுக்கக் கழட்டத் தேவையில்லையாம். மற்றது விண்ரர் ரயர், குளிருக்கு மட்டும். வெயில் வரக் கழட்டி எங்கயேன் அடுக்கி வைக்கவேணும். ஒரு நிலமும் சொந்தமா இல்லாத எங்களுக்கு எல்லா நிலத்திலயும் ஓடுறதுதான் சரி எண்டு நான் சொன்னன். அது பகிடிக்குச் சொன்னது. உள்ளுக்க வேற காரணம் இருந்தது.

ஓல்-ரெறேயினின்ர படத்தில பல்லுப் பல்லா, கட்டை கட்டையா இருந்துது. அதைக் கண்ட உடன எனக்கு வன்னியில நாங்கள் இருந்த காலம் வந்திட்டுது. ஒரு மாரிக்கு என்ர மனிசனுக்கு நெஞ்சு நோ வந்து, களிமண் றோட்டில வானும் வராது, மாட்டுவண்டியும் சேத்தில புதைஞ்சுபோகும் எண்டு நிக்கேக்க, நேசன்தான் ரக்ரரைக் கொண்டுவந்தவர். அப்ப அவர் எங்கட மருமோன் இல்லை, அயலுக்க ரக்ரர் ஓடுற பெடியன். பெட்டிக்குள்ள வைக்கோல் போட்டு மனிசனைக் கிடத்தி, நான் குடை பிடிச்சுக்கொண்டிருக்க, அந்தப் பெரிய சில்லின்ர பல்லு சேத்தைக் கவ்விக் கவ்வி எங்களைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்ச் சேத்துது. மனிசன் பிறகும் ஆறு வருசம் இருந்தார். நேசனுக்குப் பொம்பிளை குடுத்ததும் அந்தச் சேத்துக்குள்ள அவரைக் கண்டபடியாலதான். அதால எங்கட வீட்டில ஆருக்கும் ரயரெண்டால் பல்லு. பல்லில்லாத ரயரை நம்பி ஒரு உயிரை ஏத்த எனக்கு மனம் வரேல்லை, அவருக்கும் வரேல்லை. ஓல்-ரெறேயினையே பூட்டினம்.

புது ரயர் பூட்டினால் கோயிலில வைச்சு ஒரு அர்ச்சனை செய்து, நாலு சில்லுக்கும் கீழ தேசிக்காய் வைச்சு நசிச்சு ஏத்தாமல் விடேலுமோ. கோயில் எண்டால் கோபுரத்தைத் தேடாதேங்கோ, ஒரு தொழிற்சாலைக்குப் பக்கத்தில ஒரு பெரிய களஞ்சிய அறை. முதல்நாளே நாலு நல்ல தேசிக்காய் பாத்து வாங்கி, மறந்துபோகாமல் பிக்கப்புக்குள்ளயே வைச்சதும் நான்தான். விடிய எடுத்துப் பாத்தால் அது தேசிக்காய் இல்லை, பச்சை நிறத்தில கல்லு. அதோட அண்டைக்கு மழை பெய்து உறைஞ்சு, கோயில் வாசல் முழுக்கக் கண்ணாடி போட்ட மாதிரி. ஐயர் வேட்டிக்கு மேல தடிச்ச யக்கெற்றும், காலில பூட்சும், தலையில கம்பளித் தொப்பியுமா வந்து தீபம் காட்டி, தேசிக்காயைச் சில்லுக்குக் கீழ வைச்சிட்டு ஏத்தச் சொன்னார். வதனி அர்ச்சனைத் தட்டோட பக்கத்தில நிண்டாள்.

நேசன் காலால அமத்தினார். பிக்கப் ஏறேல்லை. இன்னும் அமத்த, பின்சில்லு நிண்ட இடத்தில நிண்டு சுத்தி, ஒரு தேசிக்காய் துவக்குச் சன்னம் மாதிரிப் பறந்துபோய்க் கோயில் கதவில அடிச்சுது. அதோட பிக்கப்பின்ர பின்பக்கம் சத்தமில்லாமல் வதனி நிண்ட பக்கம் வழுக்கி வந்துது. அவளுக்கு ஒரு முழம் இருக்கேக்க அது தானா நிண்டிட்டுது.

நிண்ட சனம் குசுகுசுத்துது. பிள்ளைத்தாச்சி நிக்கேக்க இப்பிடி நடக்கப்படாது, இது நல்லதுக்கில்லை எண்டு ஒரு மனிசி என்ர காதுக்கை வந்தே சொன்னா. நேசன் இறங்கி, தேசிக்காய் உறைஞ்சதாலதான் எண்டார். நானும் அதைத்தான் பிடிச்சுக்கொண்டன், ஏனெண்டால் பிழை தேசிக்காயில எண்டால் ரயர் தெரிவு செய்த பிழை எனக்கில்லை. வதனி தட்டை என்ர கையில தந்திட்டு, "நான் இனி இதில ஏறமாட்டன் அம்மா," எண்டாள். அழேல்லை. அதுதான் எனக்குப் பயமா இருந்தது.

ஐயர் மொன்றியலில நாலஞ்சு மாரி கண்ட மனிசன். குனிஞ்சு சில்லைத் தடவிப் பாத்தார்.

"சகுனத்தை விடுங்கோ அம்மா. கடவுள் காட்டினது ரயரை."

அடுத்த நாளே ரயர்க் கடைக்கு நானும் போனன். மருமோன் வேண்டாமெண்டவர், நான் முன்சீற்றில ஏறி இருந்திட்டன். கடைக்காரர் ஒரு வயசுபோன இத்தாலிக்காரர். வெளியில, உறைஞ்சு கிடந்த முத்தத்தில, ரெண்டு வகை ரயரும் அடுக்கியிருந்தது. மருமோனும் கடைக்காரரும் கதைக்க, நான் கையுறையைக் கழட்டிப்போட்டுப் பெருவிரல் நகத்தால ஓல்-ரெறேயினை ஒரு அமத்து அமத்திப் பாத்தன். சந்தையில கத்தரிக்காயையும் சுரைக்காயையும் வேற எப்பிடி வாங்கினனான். நகம் போகேல்லை. முத்தல். பக்கத்தில இருந்த விண்ரர் ரயரை அமத்தினன். அந்தக் குளிரிலயும் நகம் பதிஞ்சுது. பிஞ்சு. கடைக்காரர் என்னைக் கண்டிட்டு, கிழவிக்குத் தலை சுத்துது, பிடிச்சுக்கொண்டு நிக்கிறா எண்டு நினைச்சு ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் கதிரையைத் தள்ளிப்போட்டு மற்ற ரயரிலும் நகத்தை வைச்சுக் காட்டினன். கொஞ்சநேரம் முழிச்சவர், பேந்து தன்ர பெருவிரலையும் வைச்சு அமத்தி, "ரொமேற்றோ," எண்டார். தக்காளியை அமத்திப் பாக்கிறவர்தான் அவரும். பிறகு ரெண்டுபேரும் கடைக்காரரும் வாடிக்கைக்காரியும் மாதிரி இல்லை, சந்தையில கண்ட சிநேகிதம் மாதிரி நிண்டு ஒவ்வொரு ரயராக் குத்திப் பாத்தம்.

பல்லு சேத்துக்குத்தானாம். ஐசைக் கவ்வப் பல்லுப் போதாதாம், றப்பர் இளகியிருக்கவேணுமாம். சாதாரண றப்பர் குளிருக்கு இறுகிப்போகும், இதை இறுகாமல் ஏதோ கலந்து செய்திருக்கினம் எண்டு நேசன் மொழிபெயர்த்தார். மேல பாத்தால், பொரிக்கிற மீனுக்குக் கீறின மாதிரி மெல்லிசு மெல்லிசாக் கீறல். நான் அந்த முத்தத்தில அப்பிடியே நிண்டிட்டன். அந்த றப்பர் எங்கட நாட்டு மரத்தில வடிஞ்ச பாலாகவும் இருக்கலாம். வெயிலில வளந்த மரத்தின்ர பாலை இந்தப் பனிக்குப் பழக்கி எடுத்து வைச்சிருக்கினம். என்னைப் பழக்க இந்த நாடு இன்னும் எவ்வளவு பாடுபடவேணுமோ எண்டு யோசிச்சன். நாலைப் பூட்டினம். பின்பெட்டிக்குள்ள பாரத்துக்கு மண்மூட்டையும் போடச் சொன்னார் இத்தாலிக்காரர். ஊரில மண்மூட்டையைக் கண்டால் ஆமிச் சென்றி எண்டு வந்த வழியே திரும்புறனாங்கள். இஞ்ச அதை நாங்களே ஏத்தி வைச்சுக்கொண்டு திரிஞ்சம்.

தை மாசம் ஒரு நாள் காலமை பத்து மணி போல வதனிக்குக் குத்துத் தொடங்கிச்சுது. வெளியில வானமெது நிலமெது எண்டு தெரியேல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. வாசலில பிக்கப்பைப் பாத்துக்கொண்டு கொஞ்சநேரம் நிண்டாள். நான் வாய் திறக்கேல்லை. தானா ஏறினாள். முன்சீற்றில மூண்டுபேரும் நெருங்கி இருந்தம். அந்த ஏத்தத்துக்கு வந்தால், ரெண்டு கார் றோட்டோரத்தில குறுக்கால கிடக்குது, ஒரு பஸ் பாதியில நிண்டு சில்லுச் சுத்துது. எங்களுக்கெண்டு நடு ஏத்தத்தில சிவப்பு விளக்கு. நேசன் நிப்பாட்டினார். நிண்டுது. அந்த நிக்கிறதே பெரிய காரியம். பச்சை விழ, அவர் காலை மெல்ல மெல்ல வைக்க, ஒரு உலுக்கல் இல்லாமல், ஒரு சத்தம் இல்லாமல், பூனை கூரையில ஏறுற மாதிரி அது ஏறிச்சுது. நான் தெரிஞ்ச தெய்வம் எல்லாத்தையும் விட்டிட்டு ரயரைக் கும்பிட்டன்.

வதனி என்ர கையைப் பிடிச்சு நெரிச்சுக்கொண்டு, பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னாள்:

"அம்மா வாய் மூடி இருக்கிறதைப் பாக்க நான் பிள்ளை பெற வேண்டிக்கிடந்துது."

பின்னேரம் நாலு மணிக்குப் பெட்டைக்குஞ்சு பிறந்துது. அழுத அழுகையில எனக்குப் பேச்சுத் துணை கிடைச்சிட்டுது எண்டு விளங்கிச்சுது.

மூண்டு நாளால வீட்ட போகலாமெண்டு ஆஸ்பத்திரியில துண்டு வெட்டினம். நேசன் அண்டைக்கு வெள்ளனவே வந்து பிக்கப்பை நிப்பாட்டினவர், துண்டு கையில கிடைக்க மத்தியானம் கழிஞ்சிட்டுது, சினோவும் விடாமல் கொட்டிச்சுது. சாமானுகளை ஏத்துறதுக்கு நான் அவரோட வெளியில வந்தன். அவர் பிக்கப்பை வாசலடிக்கு எடுக்க, அது நிண்ட இடத்தில சினோ இல்லாமல் கறுப்பா ஒரு துண்டு நிலம், ஒரு பாய் விரிச்ச மாதிரி, கண்ணுக்கெட்டின வெள்ளைக்கு நடுவில. கால் வழுக்காது எண்டு நான் போய் அதுக்குள்ள நிண்டன். இந்த நாட்டுக்கு வந்து காலைக் கவனிக்காமல் நான் நிண்டது அண்டைக்குத்தான். அங்கால வாசலில பிக்கப்பில ஏறியிருந்து கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு, பேத்தியைப் போர்த்து மடியில வைச்சுக்கொண்டு வதனி பாத்துக்கொண்டிருக்கிறாள். "மாமி, அதில என்ன நிக்கிறியள், ஏறுங்கோ," எண்டு நேசன் கூப்பிட்டார். சும்மா தம்பி எண்டு சொல்லிப்போட்டு இன்னும் கொஞ்சநேரம் நிண்டன். போய் ஏறிக் கதவைச் சாத்திப்போட்டுத் திரும்பிப் பாத்தன். கறுப்பு முழுக்க மூடுபட்டிட்டுது. நான் எந்த இடத்தில நிண்டனான் எண்டு எனக்கே தெரியேல்லை.