குமிழ் அசையவில்லை

இதை நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது இதுதான். அதுவும் பட்டப்பகலில் நடந்தது. அதற்குச் சாட்சியாக ஒரு கோடு இன்றைக்கும் அவள் கணினியில் இருக்கிறது.

அவள் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பின்னணி இசை அமைப்பவள். கூட வேலை செய்தவன் அவளுடைய தம்பி. வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. அவள் இரண்டு கையாலும் கீபோர்டு வாசிப்பாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கணினியோடு ஒயரால் இணைத்த ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும் குமிழைத் திருகுவான். அவன் திருகும் அசைவை, ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் மென்பொருள் அப்படியே ஒரு கோடாகப் பதிந்துகொள்ளும். கோடு ஏறினால் ஒலி மலர்ந்து திறக்கும். இறங்கினால் போர்வைக்குள் பேசுவதுபோல் அடங்கும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதற்கென்று ஒரு கை வேண்டும். அவளுக்கு அந்தக் கை வாய்க்கவில்லை.

"தண்ணிக் குழாயத் திருகுற மாதிரி திருகுறியேக்கா. தள்ளு," என்பான்.

ஏறுவதற்கு முன்னால் ஒரு மயிரிழை பின்வாங்கி, அப்புறம்தான் ஏறுவான். பாடுகிறவள் மூச்சு இழுத்துக்கொள்வது மாதிரி. எத்தனை கோடுகளுக்கு நடுவில் வைத்தாலும் அவன் கோட்டை அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

ஒரு மழைநாளில் அவன் வண்டி சறுக்கியது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்தான். அப்படியே போய்விட்டான். அந்த நேரம் பார்த்து அவள் பக்கத்தில் இல்லை. அதுதான் அவளை அரித்தது. தனியாகப் போனானே... அக்கா எங்கே என்று தேடியிருப்பானோ...

ஒரு மாதம் அவள் பின்னறைக் கதவைத் திறக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் கணவர்தான் பேச்சை எடுத்தார்.

"பாதியில நிக்குற அந்தப் பாட்டையாவது முடிச்சிடும்மா. அவன் ஆசையா ஆரம்பிச்சது."

போய் உட்கார்ந்தாள். பாட்டுக்கு நான்கு பகுதிகள். முதல் மூன்றிலும் அவன் கோடு இருந்தது. நான்காவது காலி. முதலில் வாசித்துவிடலாம், கோட்டை அப்புறம் மவுஸால் வரைந்துகொள்ளலாம் என்று பதிவை ஓடவிட்டாள்.

வாசித்தாள். அடங்கி ஒலித்துக்கொண்டிருந்த சுரம்... மெல்லத் திறந்தது.

திரையைப் பார்த்தாள். நான்காம் பகுதியில் ஒரு கோடு வளர்ந்துகொண்டிருந்தது.

குமிழைப் பார்த்தாள். அது அசையவில்லை. அதன்மேல் ஒரு மாதத் தூசி, கலையாமல் அப்படியே.

பெட்டி கெட்டுவிட்டது போல, என்று நினைத்தாள். இடது கையால் வாசித்துக்கொண்டே வலது கையால் அதன் ஒயரைப் பிடுங்கினாள்.

கோடு நிற்கவில்லை.

ஒரு மயிரிழை பின்வாங்கியது.

ஏறியது.

எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. ஆனால் கை கீபோர்டை விட்டு வரவில்லை. நிறுத்தினால் கோடும் நின்றுவிடுமே...

"டேய்..." என்றாள். "எங்கடா இருக்க?"

கோடு மட்டும் லேசாக நடுங்கியது.

கண்ணீர் திரையை மறைத்தது. வாசித்தாள். பாட்டு முடிந்த பிறகும் விட மனசில்லாமல், கடைசி நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப...

கோடு சரிந்தது.

ஏறப் பார்த்தது. முடியவில்லை.

மறுபடி ஏறப் பார்த்தது...

அப்புறம் ஒன்றுமில்லை.

கணவர் வந்து பார்த்தபோது, பிடுங்கிய ஒயர் மடியில் கிடக்க அவள் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அவர் பதிவை ஓடவிட்டுக் கேட்டார். "அவன்தான்," என்று மட்டும் சொன்னார்.

சில நாள் கழித்து பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் அவள் தோளைத் தொட்டாள். ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்.

"உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேங்க. அவரு போன அன்னைக்கு சாயங்காலம் நீங்க மருந்து வாங்கப் போனீங்கள்ல, அப்ப அவரு வலது கை போர்வை மேல எதையோ திருக ஆரம்பிச்சுது. மெதுவா, ரொம்பக் கவனமா. ஒரு பாட்டு நேரம் இருக்கும். கடைசியா ரெண்டு தடவ திருகப் பார்த்தாரு, முடியல. அதோட அடங்கிட்டாரு."

அவள் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல பேசினாருங்க."

"நினைவே இல்லையே அவனுக்கு... என்ன பேசினான்?"

"'இங்கதான்க்கா இருக்கேன், நீ வாசி'ன்னாரு. யாரோ கேட்டதுக்குப் பதில் சொல்ற மாதிரி. முகமெல்லாம் சிரிப்பு. அறையில என்னத் தவிர யாருமே இல்ல."

பஸ் வந்தது. நர்ஸ் ஏறிப் போய்விட்டாள்.

அவள் அங்கேயே நின்றாள். அந்தச் சாயங்காலம் அவள் மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தாள். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கடா இருக்க என்று அவள் கேட்டது, அவன் போய் ஒரு மாதம் கழித்து.