இன்னாசிக்கு ஒரு மணல் மேடு

சவரிராயனை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆபரேட்டர் என்றால் அவர்தான். கடத்தூர் டூரிங் கொட்டகையில் அவர் படம் ஓட்டினார். பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிப்பது என் வேலை. தங்கமான மனுஷன். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசி மழையில் அவருடைய ஒரே பையன் இன்னாசிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. தர்மபுரிக்குக் கொண்டுபோகிற வழியில், பஸ்ஸிலேயே, அம்மா மிக்கேலம்மாள் மடியில் உயிர் போய்விட்டது. ஒன்றாம் வகுப்புப் படித்த பிள்ளை. கல்லறையில் மண் தள்ளிவிட்டு வந்த மனுஷன் மறுநாள் சாயங்காலமே மிஷின் ரூமில் நின்றார். பையனின் சட்டை, சிலேட்டு எல்லாவற்றையும் கோயிலில் கொடுத்துவிட்டார். வீட்டில் அவன் பேரை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பெற்றவள் வயிறு பற்றி எரியும்போது இவருக்கு நெஞ்சு என்ன கருங்கல்லா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பொங்கல் கழிந்து ஒரு பேய்ப் படம் வந்தது. கிணற்றில் விழுந்து செத்த பிள்ளை, அம்மா கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். கடைசி ரீலில் மந்திரவாதி அவனைப் பிடித்துப் புளியமரத்தில் ஆணி அடித்துவிடுகிறான். கூட்டம் அள்ளியது. முதலாளி பெரியண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

மிக்கேலம்மாளும் வந்தாள். "உனக்கு எதுக்கும்மா இந்தப் படம்?" என்று கேட்டேன். டிக்கெட்டை நீட்டினாள்.

தரை டிக்கெட்டில் முன்னால் இருப்பவர் தலை மறைத்தால், மணலைக் குவித்து அதன்மேல் பிள்ளைகளை உட்கார வைப்பது வழக்கம். மிக்கேலம்மாள் தன் பக்கத்தில் ஒரு மேடு குவித்து, தட்டிச் சமமாக்கினாள். அதில் யாரையும் உட்கார விடவில்லை.

திரையில் செத்த பிள்ளை கதவோரம் வந்து நின்றான். பெண்கள் பக்கமே அலறியது. இவள் மட்டும் கோபமாகத் திரும்பினாள்.

"கொழந்தயப் பாத்து எதுக்கு இப்பிடிக் கத்தறீங்க? அவுங்கம்மாவத் தேடித்தான வந்திருக்கான்!"

எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன். ஆணி அடிக்கும்போது ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. அவள் அந்த மேட்டின்மேல் கவிழ்ந்து இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டாள்.

தினமும் வந்தாள். தினமும் இதே கதை. ஒருநாள் ஆட்டம் தொடங்குமுன் நான் ஆபரேட்டருக்கு டீ கொண்டுபோனபோது மிஷின் ரூம் வாசலில் நின்றிருந்தாள்.

"ஏங்க, அந்தக் கடைசி ரீல மட்டும் ஓட்டாதீங்க. தெனமும் புள்ளயத் தொரத்தறாங்க."

"அது சினிமா, மிக்கேலு. நம்ம பையன் போயிட்டான். மோட்சத்துல இருக்கான்னு சாமியாரு சொன்னாரில்ல?"

"இருக்கட்டும், நான் வேணாங்கறனா? சாயங்காலத்துல எங்கிட்ட வந்துட்டுப் போறான். அதயும் நீங்களே தொரத்தறீங்க. அவன் வராமப் போனா நானும் வூட்டுக்கு வரமாட்டேன்."

வீட்டுக்குப் போகிற வழியில் மூன்று கிணறு இருப்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "வேல போயிரும். போய் ஒக்காரு" என்றார். டீயை அவர் மூஞ்சியில் ஊற்றலாமா என்று இருந்தது எனக்கு.

எங்கள் கொட்டகையில் மிஷின் ஒன்றுதான். ரீல் மாற்றும்போதெல்லாம் கொட்டகையில் விளக்கு எரியும். அன்றைக்குக் கடைசி ரீலுக்கு முன்னால் விளக்கு எரிந்தபோதே அவள் மேட்டின்மேல் கவிழ்ந்துவிட்டாள். மிஷின் ரூம் ஓட்டை வழியாக ஆபரேட்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு அணையவில்லை. முதலில் விசில், அப்புறம் கெட்ட வார்த்தை. ஆபரேட்டர் வெளியே வந்தார். ரூமைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"படம் அவ்வளவுதான். எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

மணலை வாரி இறைத்தார்கள். பெஞ்சு உடைந்தது. பெரியண்ணன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, நாளையிலிருந்து இந்தப் பக்கமே வராதே என்று கத்தினார். கூட்டம் கலைகிற வரைக்கும் அவர் சாவியைக் கொடுக்கவில்லை.

அப்புறம் ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கிற குட்டைச் சுவரைத் தாண்டிப் பெண்கள் பக்கம் வந்தார். மிக்கேலம்மாள் அசையாமல் இருந்தாள். பக்கத்தில் உட்காரப் போனவரைக் கைநீட்டித் தடுத்தாள்.

"அந்தப் பக்கம் ஒக்காருங்க. இது அவன் எடம்."

மேடு கலையாமல் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். மேட்டைப் பார்த்தார்.

"பசிக்குதான்னு கேளு" என்றார்.

அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.