மஞ்சப்பையோடு வந்த உளவாளி

ஐம்பதை நெருங்கும் வயதில் கோயம்புத்தூருக்கு வந்து நான் செய்த முதல் சாதனை, மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மனிதரை உளவாளி என்று கண்டுபிடித்ததுதான். அவருக்கு நாற்காலி போட்டேன், டீ வாங்கிக் கொடுத்தேன், அவர் எடுத்த உப்புப் பாக்கெட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பில் போடும் இடம் வரைக்கும் பின்னாலேயே போனேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருநெல்வேலியில் இருக்கும் நீங்கள் இதை வேறு யார் வாயிலாவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவது உத்தமம்.

அங்கே நான் புத்தகக்கடை வைத்து நொடித்ததை நீங்கள் அறிவீர்கள். ஆள் வராத கடையில் உட்கார்ந்து துப்பறியும் நாவல்களாகப் படித்துத் தீர்த்தவனுக்கு, சிங்காநல்லூரில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் சூப்பர் மார்க்கெட்டில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். நிரந்தரமானால் மனைவியையும் மகளையும் அழைத்துவந்து வீடு பார்க்கலாம். இல்லையென்றால் மைத்துனரின் பலசரக்குக் கடையில் அவருடைய சிரிப்பைப் பார்த்தபடி பொட்டலம் மடிக்க வேண்டியதுதான். இதில் ஒரு சிக்கல். கம்பெனி அவ்வப்போது வாடிக்கையாளர் வேஷத்தில் ஒரு ஆளை அனுப்பும். அவர் நம்மிடம் எதையாவது கேட்பார், நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று மேலிடத்துக்குச் சொல்வார். முதல் தடவையே நான் தோற்றேன். கருப்பட்டி எங்கே என்று கேட்டவருக்கு மோவாயால் திசை காட்டினேனாம். நம் ஊரில் அதுவே உபசாரம். "வேணும்னா எடும்வே, இல்லைன்னா நடையக் கட்டும்" என்பதற்கு மேல் எந்தக் கடைக்காரர் நம்மிடம் பேசியிருக்கிறார்? இன்னொரு தடவை தோற்றால் மூட்டையைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஏரியா மேனேஜர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

அந்த மரியாதைதான் எனக்கு வினை. நம் பக்கம் ஒருவர் திடீரென்று பணிவாகப் பேசினால் அவரிடம் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். இங்கே பஸ்ஸில் காலை மிதித்தவரும் "ங்க" போடுகிறார், மிதிபட்டவரும் "ங்க" போடுகிறார். வந்த புதிதில் ஊரே சேர்ந்து எனக்கு எதிராக ஏதோ திட்டம் போடுவது போலத்தான் இருந்தது. அந்த நேரத்தில் நாச்சிமுத்து வந்தார். சாயங்காலம் ஆனால் வருவார். ஒவ்வொரு அலமாரியாக நிதானமாகப் பார்ப்பார், ஒரு தடவை தோற்ற பயத்தில் நானும் பின்னாலேயே போவேன். கடைசியில் ஒரே ஒரு உப்புப் பாக்கெட் எடுப்பார். "ஏனுங்க, சாப்டாச்சுங்களா?" என்பார். சொந்த ஊர் எது, குடும்பம் எங்கே, சோறு யார் ஆக்குகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். வேலை வெட்டி இல்லாத மனிதர் எதற்கு இத்தனை விசாரிக்க வேண்டும்? தினமும் ஒரு உப்பு எந்த வீட்டில் செலவாகும்? நான் படித்த அத்தனை நாவல்களும் ஒரே பதிலைச் சொல்லின. அன்றிலிருந்துதான் நாற்காலியும் டீயும்.

ஒரு நாள் மாலை நல்ல கூட்டம். நாச்சிமுத்து சலவை வேட்டியும் மஞ்சப்பையுமாக மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். சாட்சிக்கு ஆள் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். பையிலிருந்து இரண்டு தேங்காயையும் ஒரு கவரையும் எடுத்து என்னிடம் நீட்டினார். "உங்க ஊடு எங்கன்னு தெரியலீங்க, அதான் கடைக்கே வந்துபோட்டோம்" என்றார். வாடிக்கையாளரிடம் ஊழியர் எதையும் கைநீட்டி வாங்கக் கூடாது என்பது கம்பெனி விதி. இதுதான் பரீட்சை என்று எனக்குப் பட்டது. மேலே இருந்த கேமராவுக்குத் தெரியும்படி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, கடையே திரும்பிப் பார்க்கும் குரலில் விதியை ஒப்பித்தேன். எடுத்துக்கொண்டு போகும்படியும் சொன்னேன். அந்த அம்மா தேங்காய்களைத் திரும்பப் பைக்குள் வைத்தார். நாச்சிமுத்து, "சரிங்க, வாரனுங்க" என்றார். அதன் பிறகு அவர் வரவில்லை.

மறுநாள் மேனேஜர் போனில் கூப்பிட்டார். முந்தின நாள் கூட்டத்தில் கம்பெனி ஆளும் இருந்திருக்கிறார். குழந்தையோடு வந்து சர்க்கரை வாங்கிய ஒரு பெண்ணாம், எனக்கு முகம்கூட நினைவில்லை. என் நேர்மையைப் பற்றி அவர் உயர்வாகச் சொல்லியிருக்கிறார். வேலை நிரந்தரம். மைசூர்பா வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தேன். பில் போடும் கலாமணி மட்டும் கையை நீட்டவில்லை.

"வேண்டாங்ணா. கம்பெனி ரூல்ஸுங்க."

பிறகு தன் பையிலிருந்து, நாச்சிமுத்து என்னிடம் நீட்டியது மாதிரியே ஒரு கவரை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓரங்களில் மஞ்சள் தடவிய புதுமனை புகுவிழாப் பத்திரிகை. "தேங்கா குடுத்துக் கூப்பிட வந்தவங்களை உங்கூர்ல இப்படித்தான் வெரட்டுவீங்களாக்கும்" என்றாள். இந்தக் கம்பெனி என்னை நம்பியதே ஒருவருடைய அழைப்பை நான் விரட்டியதால்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மைசூர்பா டப்பாவை மூடி வைத்தேன்.

விழா நாளான ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையிலேயே ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு, கூப்பிடாத விருந்தாளி மாதிரி போனேன். இல்லை, கூப்பிட்டும் துரத்தியடித்த விருந்தாளி மாதிரி. வாசலில் நின்ற நாச்சிமுத்து ஒன்றுமே நடக்காதது போல் "வாங்க, வாங்க" என்றார். நம் ஊராக இருந்தால் நாலு வார்த்தை திட்டி, அத்தோடு கணக்கை முடித்திருப்பார்கள். அவரைக் கம்பெனி ஆள் என்று நினைத்த கதையை நானே சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

"நான் வேற நெனச்சனுங்க. பொறகாலயே வாரீங்களே, எதையாச்சும் எடுத்துப் பையில போட்டுக்குவேன்னு பாக்கறீங்களாட்ட இருக்குதுன்னு. சும்மா போனா தப்பா நெனப்பீங்கன்னுதான் தெனமும் ஒரு உப்பு."

புது அடுப்படி அலமாரியில் எங்கள் கடை உப்புப் பாக்கெட்டுகள் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. பந்தியில் எனக்கு இரண்டு தடவை பாயசம் ஊற்றினார்கள். அடுத்த மாதம் குடும்பம் வந்துவிடும். அந்தப் பக்கமே பார்த்து ஒரு வீடு பிடித்துக் கொடுப்பதாக அந்த அம்மா சொன்னார். மனம் லேசாகிக் கிளம்பும்போது கடிகாரத்தைக் கொடுத்தேன். நாச்சிமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கேட்டதை நம் ஊர்க்காரர் கேட்டிருந்தால், விளையாட்டா குத்தலா என்று பாதிச் சொல்லிலேயே பிடித்திருப்பேன். இங்கே அவர் முகத்தைப் பார்த்தேன், அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன், இன்றுவரை தெரியவில்லை.

"ஏனுங்க, இதுக்கு பில்லு இருக்குதுங்களா?"